எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்காதீர்கள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

"கைப்பேசி வரமா, சாபமா?" என்னும் தலைப்பில் பட்டிமன்றம் நடவாத ஆண்டு நம் பள்ளியில் இல்லை எனலாம். வரம் என்னும் அணியினர் வீட்டிலிருந்தபடியே உலகைக் காணலாம் என்பர்; சாபம் என்னும் அணியினர் கண் கெடும், படிப்புக் கெடும் என்பர். இறுதியில் நடுவராக வீற்றிருக்கும் ஆசிரியை, "அளவோடு பயன்படுத்தினால் வரம், அளவு மீறினால் சாபம்" என்று தீர்ப்புக் கூறுவார். நாமும் கை தட்டிவிட்டு மதிய உணவுக்குச் சென்றுவிடுவோம். தீர்ப்புத் தவறு என்று நாங்கள் கூறவில்லை. ஆனால் அளவு என்றால் எந்த அளவு? எதை அளப்பது? அளப்பவர் யார்? இவற்றுக்கு விடை கூறாமல் அளவு, அளவு என்று மட்டும் சொல்வது, குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று கேட்கும் பெண்ணிடம் "திட்டமாகப் போடு" என்று சொல்லிவிட்டு அடுக்களையை விட்டுப் போய்விடுவதைப் போன்றதாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட விரும்புகிறோம். இந்தச் சாதனத்தை நாங்கள் தேடிப் போகவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாப் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் நான்காம் வகுப்பு மாணவியர். அதுவரை "தொடாதே, உடைத்துவிடுவாய்" என்று அலமாரியின் மேல்தட்டில் வைக்கப்பட்டிருந்த பொருள், ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையாகவும் ஆசிரியையின் முகமாகவும் ஆகிவிட்டது. 2021 நவம்பர் முதல் நாள் எட்டாம் வகுப்புவரை உள்ளவர்களுக்குப் பள்ளி திறந்தபோது நாங்கள் ஆறாம் வகுப்பிற்கு வந்திருந்தோம். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக்கும் மேலான காலம் காலையில் கணக்கு, மாலையில் தோழியரின் பேச்சு, இரவில் பாட்டியின் முகம் ஆகிய யாவும் அந்தச் சிறு கண்ணாடிக்குள்ளேயே நடந்தன. ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தையே அதற்குள் வைத்துக் கொடுத்துவிட்டுப் பதினைந்து வயதில், "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்போதும் அதையே பார்க்கின்றனர்" என்று பெரியோர் வியப்பதைத்தான் நாங்கள் வியப்புடன் பார்க்கிறோம்.

நிற்க. கைப்பேசியால் எங்கள் மனம் எவ்வாறாகிறது என்பதை எங்களைக் காட்டிலும் யார் கூற முடியும்? ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அரைமணி நேரம் நாகர்கோவிலில் உள்ள அத்தை மகளுடன் முகம் பார்த்துப் பேசுகிறோம். பேசி முடித்து எழும்போது மனம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் இருக்கிறது. நம் வகுப்பில் தந்தை மஸ்கட்டிலோ கப்பலிலோ பணிபுரியும் தோழியர் சிலர் உண்டு. அவர்களுக்கு அந்த அரைமணிதான் அன்றைய நாளே. அதே கருவியில், அதே அரைமணி நேரம் ரீல்ஸ் எனப்படும் குறும்படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாலோ, எழும்போது துக்கமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. ஏதோ ஒன்றைத் தின்றதுபோலவும் பசி ஆறாததுபோலவும் ஒரு மந்தம். அச்சமயத்தில் அம்மா ஒரு சொல் சொன்னால் சுள்ளென்று கோபம் வருகிறது. என்ன பார்த்தாய் என்று கேட்டால் நான்கைக்கூடச் சொல்ல முடியாது. இரண்டும் அரைமணிதான். மணி நேரத்தை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இவ்விரண்டும் ஒன்றே.

விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள் என்றும் தேடிப் பார்த்தோம். (தேடியது இணையத்தில்தான், சிரிக்க வேண்டாம்.) அவர்களும் பட்டிமன்றம் போலவே இரு அணிகளாக நிற்கிறார்கள். 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் 82 இளைஞர்களுக்கு இரண்டு வார காலம், நாளொன்றுக்கு ஐந்து முறை செய்தி அனுப்பி, "இப்போது மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டனர். முகநூலை மிகுதியாகப் பார்த்த இடைவேளைக்குப் பிறகு அவர்களது மனநிலை சற்றுத் தாழ்ந்திருந்தது. மனிதரோடு நேரில் பழகிய பின் அவ்வாறு தாழவில்லை. ஆகவே சாபம் என்று முடிவு கட்டிவிடலாமா? பொறுங்கள். 2019இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆமி ஓர்பென், ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி என்ற இருவர் 3,55,000க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்தனர். பிள்ளைகளின் மனநலத்தில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில், திரைக் கருவிகளின் பயன்பாட்டோடு தொடர்புடையது அதிகம் போனால் 0.4 விழுக்காடே என்று கண்டனர். உருளைக்கிழங்கு தின்பதற்கும் மனநலக் குறைவுக்கும் ஏறக்குறைய அதே அளவு தொடர்பு அந்தக் கணக்கில் தென்பட்டதாம்! மூக்குக்கண்ணாடி அணிவதற்கு அதைவிட அதிகமாம். நம் வகுப்பில் மூக்குக்கண்ணாடி அணிந்து உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவரும் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளைப்போல் மகிழ்ச்சியானவள் வேறு எவளும் இல்லை.

வேடிக்கைக்காக மட்டும் இதனைக் கூறவில்லை. அதே ஆராய்ச்சியில், போதிய உறக்கமும் தவறாத காலை உணவும் மனநலத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையவை என்றும், சக பிள்ளைகளால் துன்புறுத்தப்படுவது திரையைக் காட்டிலும் பன்மடங்கு மனத்தைக் கெடுப்பதோடு தொடர்புடையது என்றும் தெரிந்தது. அப்படியானால் கைப்பேசி உறக்கத்தைத் திருடும்போதும், கேலிக்கும் பழிப்புக்கும் வாயிலாகும்போதும்தான் அது பெரிய தீங்காகிறது என்று நாங்கள் நினைக்கிறோம். இன்னொன்றும் உண்டு. 2022இல் அதே ஆமி ஓர்பெனும் பிறரும் பிரிட்டன் நாட்டினர் 84,000 பேரைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், சமூக ஊடகத்தை அதிகம் பார்த்தால் ஓராண்டுக்குப் பின் வாழ்வில் நிறைவு குறையும் பருவம் பெண் பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயது, ஆண் பிள்ளைகளுக்கு 14, 15 வயது என்று காணப்பட்டது. அதாவது எங்களைவிட ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புத் தங்கையருக்கே ஆபத்து அதிகம். சராசரி 0.4 என்றால் எல்லாருக்கும் 0.4 என்று பொருளன்று. ஒருத்திக்கு ஒன்றுமே ஆகாமலிருக்கலாம்; பக்கத்து இருக்கையில் இருப்பவளுக்கு மிகுதியாக இருக்கலாம். கணக்கு ஆசிரியை சராசரி பற்றிச் சொல்லித் தந்தது இங்கே பயன்படுகிறது.

சரி, ரீல்ஸ் பார்த்தபின் அந்த மந்தம் ஏன் வருகிறது? எங்கள் கருத்து இது: அதற்கு முடிவு இல்லை. திரைப்படம் என்றால் இறுதியில் 'வணக்கம்' என்றோ 'சுபம்' என்றோ போடுவார்கள் என்று தாத்தா சொல்வார். வாரப் பத்திரிகையில் 'தொடரும்' என்று போட்டுவிட்டால் அடுத்த வாரம்வரை காத்திருந்தே தீர வேண்டும். வானொலி நிலையமும் இரவில் விடைபெற்றுக்கொள்ளும். இந்தச் சிறு திரையில் மட்டும் அடிப்பக்கம் என்பதே கிடையாது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த முறையை 2006ஆம் ஆண்டில் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்கர் வடிவமைத்தார். பிற்காலத்தில் அவரே அதனால் மக்களின் நேரம் வீணாவதை எண்ணி வருந்திப் பேசியிருக்கிறார். அடுத்தது, எது வரும் என்று தெரியாது. ஐந்து படங்கள் சலிப்பூட்டும். ஆறாவது வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும். பிறகு அந்த ஆறாவதை எதிர்பார்த்தே விரல் நகர்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகவே உயிரினம் சலிக்காமல் உழைக்கும் என்பதை ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் புறாக்களை வைத்து நெடுநாள் முன்னரே காட்டினார். லாட்டரிச் சீட்டின் இரகசியமும் இதுவேயாகும். நம் தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிச் சீட்டு விற்பனையைத் தடை செய்தார்கள். இன்று லாட்டரி பணத்தைக் கேட்கவில்லை, பொழுதைக் கேட்கிறது. அவ்வளவே வேறுபாடு. இந்த விசைகளைப் படைப்பவர்கள் எங்கோ அமெரிக்காவில் மட்டும் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் நம் தோழியர் பலரின் தந்தையரும் தாயரும் இத்தகைய செயலிகளை எழுதித்தான் சம்பளம் வாங்குகின்றனர். அவர்களை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் இரவு உணவின்போது இதைப் பற்றி அவர்களிடமே கேட்டால் நல்ல உரையாடல் நிகழும் என்பதைச் சொல்லி வைக்கிறோம்.

பெண் பிள்ளைகளுக்கு மேலும் ஒரு தொல்லை உண்டு, அது முகம். முன்பெல்லாம் ஊரில் பத்துப் பெண்கள் இருந்தால் அதில் இரண்டு பேர் அழகிகள் என்பார்கள். மற்ற எட்டுப் பேரும் நிம்மதியாக இருப்பார்கள். இன்று ஒருத்தி காலையில் கண் விழித்துப் பல் துலக்குமுன் நூறு அழகிகளைப் பார்த்துவிடுகிறாள். அவர்களுள் பாதிப்பேரின் முகம் கருவியினால் திருத்தப்பட்டது என்பது நமக்கும் தெரியும். தெரிந்தும் கண்ணாடி முன் நிற்கும்போது மூக்கு சற்றுப் பெரிதாகத்தான் தோன்றுகிறது. 2021இல் பிரான்சஸ் ஹாகன் என்ற பெண்மணி முகநூல் நிறுவனத்தின் உள்ஆவணங்களை வெளியிட்டார். ஏற்கெனவே தம் உடலமைப்பைப் பற்றிக் கவலை கொண்டிருந்த இளம்பெண்களில் மூவரில் ஒருத்திக்கு இன்ஸ்டாகிராம் அக்கவலையை அதிகமாக்குகிறது என்று அந்நிறுவனத்தாரே ஆராய்ந்து அறிந்திருந்தது அதனால் வெளியாயிற்று. மற்றப் பெண்கள் பலர் தங்களுக்கு அது துணையாகவே இருப்பதாகக் கூறியதும் அந்த ஆவணங்களில் உண்டு.

முகத்தைக் காட்டிலும் நுட்பமான வலி ஒன்று இருக்கிறது. அதைப் பெரியோர் அறியமாட்டார்கள். தோழியர் நால்வர் நம்மை அழைக்காமல் வேளச்சேரிக்குப் படம் பார்க்கச் சென்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் என்றால் திங்கட்கிழமை காலை வகுப்பில்தான் தெரியவரும். அதற்குள் அவர்களுக்கும் சற்று நாணம் வந்திருக்கும். ஒருத்தி சமாதானமும் சொல்லுவாள். இன்றோ அவர்கள் சோளப்பொரி தின்னும்போதே அந்தப் படம் நம் கையில் வந்து விழுகிறது. நாம் வீட்டில் தனியாக, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறோம். இது பெரிய துன்பமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் வாரம் மூன்று முறை நேர்ந்தால் மனம் என்னவாகும்?

இனி உறக்கத்துக்கு வருவோம். இதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. எங்கள் வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் உறங்க வேண்டும் என்று மருத்துவர் கூறுகின்றனர். முடிச்சூரிலிருந்து வரும் தோழியருக்குப் பள்ளி வேன் காலை ஏழு மணிக்கே வந்துவிடுகிறது. ஐந்தரைக்கு எழ வேண்டும். மாலை பள்ளி முடிந்து, டியூஷன் முடிந்து, கேம்ப் ரோடு நெரிசலில் ஊர்ந்து வீடு சேர எட்டரை. சாப்பாடு, வீட்டுப்பாடம் எல்லாம் ஆனபின் மணி பத்தரை. "இனி உனக்கு நீ" என்று ஒரு பெண் மூச்சு விடும் நேரம் அதுதான். பகலெல்லாம் பிறருக்காக ஓடியவள் அந்த ஒரு மணி நேரத்தை உறக்கத்திடமிருந்து கடன் வாங்குகிறாள். அவளைச் சோம்பேறி என்பது நியாயமா? படுக்கையில் கைப்பேசி கூடாது என்பது நல்ல விதி; ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பகலில் அரைமணியாவது அவளுக்கென்று விட்டுக்கொடுக்காமல் இரவை மட்டும் பூட்டினால் பூட்டு நிற்காது.

இரவு என்பது வேறு வகையான நேரம் என்பதை அரசும் அறியும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை நுழையக் கூடாது என்று தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதி செய்தது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் விதி செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவ்வகை விளையாட்டுகளையே அடியோடு தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. வளர்ந்த ஆண்களுக்கே இரவில் காவல் தேவைப்பட்டது என்றால் நமக்கு மட்டும் இரும்பு மனம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாகாது. இங்கே ஒரு விண்ணப்பமும் உண்டு. டியூஷன் மையங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நாளைய தேர்வு பற்றிய அறிவிப்பு இரவு ஒன்பதரைக்கும் பத்துக்கும் வருகிறது. ஒரு கையால் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு மறு கையால், "குழுவில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்" என்று நீட்டும் நிலைக்கு நம் அன்னையர் ஆளாகிறார்கள். மாலை ஏழு மணிக்குப் பின் வரும் எந்த அறிவிப்பும் மறுநாளைக்கு அன்று, அதற்கடுத்த நாளைக்கு என்று ஒரு வழக்கம் ஏற்பட்டால் பல வீடுகளில் சண்டை பாதியாகும்.

இணையமே இல்லாதிருந்தால் மனம் எப்படி இருக்கும் என்பதை நம் பகுதியினர் ஒருமுறை அனுபவித்தே பார்த்திருக்கிறோம். 2023 டிசம்பர் 4ஆம் நாள் மிக்ஜாம் புயல் மழையைக் கொட்டியபோது முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை, வேளச்சேரி ஆகிய இடங்கள் நீரில் மூழ்கின. மின்சாரம் போயிற்று, சிறிது நேரத்தில் கைப்பேசிகளும் உயிர் விட்டன. சில தெருக்களில் நான்கு நாள் இதே நிலை. அப்போது நாங்கள் எட்டாம் வகுப்பு. பள்ளி திறந்தபின் ஒருவருக்கொருவர் கதை பேசியபோது இரண்டு விதமான கதைகளும் வந்தன. மாடியில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தாயம் ஆடியதும், அதுவரை பெயர்கூடத் தெரியாத மேல்வீட்டு ஆச்சி தோசை வார்த்துக் கொடுத்ததும், எட்டு மணிக்கே கண் சொக்கியதும் இன்பமான கதைகள். மூன்றாம் நாள் தங்களுக்கு ஏதோ ஒரு லேசான மனம் வாய்த்தது என்று பலரும் சொன்னார்கள். ஆனால் வேலைக்குப் போன அப்பா எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் இரவு முழுவதும் அம்மா வாயிலில் நின்ற கதையும் உண்டு. மூச்சுக்கருவி வைத்திருந்த பாட்டிக்கு ஆள் அனுப்ப வழியில்லாமல் தவித்த கதையும் உண்டு. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் படகு எங்கே வருகிறது, பால் எங்கே கிடைக்கிறது என்ற செய்திகள் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும்தான் பரவின என்று பெற்றோர் கூறக் கேட்டிருக்கிறோம். எனவே கைப்பேசியில்லாக் காலத்தைப் பொற்காலமென்று புகழ நாங்கள் தயாராக இல்லை. அந்த நான்கு நாட்களில் மனம் லேசானதற்குக் காரணம் கருவி இல்லாமற் போனது மட்டுமன்று. எல்லார்க்கும் ஒரே சமயத்தில் இல்லாமற் போனது, பள்ளியும் டியூஷனும் இல்லாமற் போனது, வீட்டில் எல்லாரும் ஒரே அறையில் இருந்தது. ஒருத்தியிடம் மட்டும் பிடுங்கி வைத்தால் இந்தப் பயன் கிட்டாது. தவக்காலத்தில் கைப்பேசி நோன்பு இருக்கும் சில குடும்பங்களைக் கண்டிருக்கிறோம். அப்பாவும் சேர்ந்து நோற்ற வீட்டில் அது நாற்பது நாளும் நின்றது. பிள்ளைக்கு மட்டும் விதித்த வீட்டில் ஒரு வாரம்.

இப்போது நாங்கள் எழுத வந்த காரியத்துக்கு வருகிறோம். கைப்பேசியைக் கீழே வை என்கிறீர்கள். வைத்துவிட்டு எங்கே போவது?

தாம்பரம் ஒரு காலத்தில் திறந்த வெளிக்குப் பெயர் பெற்ற ஊர். காசநோயாளருக்குத் தூய காற்று வேண்டும் என்பதற்காகவே 1928இல் டாக்டர் சௌரி முத்து இங்கே சானடோரியம் நிறுவினார். இன்றும் இரயில் நிலையத்துக்கு அப்பெயர் நிலைத்திருக்கிறது. 1937இல் கிறித்தவக் கல்லூரி பட்டணத்தின் நெரிசலை விட்டு இங்கே காட்டுக்கு நடுவே குடிபெயர்ந்தது. அத்தகைய ஊரில் இன்று ஒரு பதினைந்து வயதுப் பெண் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தால் நிற்பதற்கு இடமில்லை. சேலையூரிலும் செம்பாக்கத்திலும் காலி மனை என்று ஒன்று மிச்சமிருந்தால் அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆடட்டும், நாங்கள் பொறாமைப்படவில்லை. (சற்றுப் படுகிறோம்.) பூங்காவில் பெரியவர்கள் நடக்கிறார்கள். மொட்டை மாடியில் நின்றால் எதிர்வீட்டார் பார்க்கிறார்கள் என்று கீழே அழைக்கிறார்கள். தெருமுனைக் கடைக்குப் போய்வந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்ற கேள்வி. தம்பி விளக்கு வைத்தபின் வந்தாலும் "கை கால் கழுவு" என்பதோடு சரி. அந்தக் காலத்து வீடுகளில் திண்ணை இருந்தது, கிணற்றடி இருந்தது. பெண்கள் கூடிப் பேசினார்கள். அடுக்குமாடி வீட்டில் பெண் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் ஒரே திண்ணை இந்தக் கைப்பேசிதான். அதில் குப்பையும் சேர்கிறது, உண்மை. திண்ணையை இடித்துவிட்டால் குப்பை போகும். கூடிப் பேசுவதும் போகும்.

இத்தனைக்கும் கருவி எங்கள் கையில்தான் அதிகம் என்ற எண்ணமும் சரியன்று. 2024ஆம் ஆண்டின் அசர் கல்வி அறிக்கை இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதினரைப் பற்றிக் கூறுவது: கைப்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக வைத்திருப்போர் ஆண் பிள்ளைகளில் 36.2 விழுக்காடு, பெண் பிள்ளைகளில் 26.9 விழுக்காடு. அது கிராமத்துக் கணக்கு. ஆனால் நம் வீடுகளிலும் அண்ணனுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்தது தங்கைக்கு அம்மாவின் பழைய கருவியாகத்தான் வருகிறது என்பதை மறுப்பார் உண்டோ?

இதைவிட முக்கியமானது ஒன்று. நாங்கள் அறிந்தவரை, ஒரு பெண்ணுக்கு முகமறியாத எவனோ தகாத செய்தி அனுப்பினாலும், தோழியர் குழுவில் அவளைப் பற்றி இழிவாக எழுதினாலும், அவள் முதலில் நினைப்பது "அம்மாவிடம் சொல்ல வேண்டும்" என்பதன்று. "சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள்" என்பதே. அதற்கு மேல், "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்வியும் வரும். ஆகவே அவள் வாய் திறப்பதில்லை. உறக்கம் கெட்டு, உணவு கெட்டு, காரணமின்றி அழும்போது, "எல்லாம் அந்தப் போனால் வந்த வினை" என்கிறார்கள். வினை போனிலா வந்தது? சொல்ல முடியாமற் போனதில் வந்தது. பெற்றோரே, "என்ன நேர்ந்தாலும் என்னிடம் சொல், சொன்னதற்காகப் பிடுங்க மாட்டேன்" என்று இன்று மாலையே உங்கள் மகளிடம் ஒரு வாக்குக் கொடுங்கள். எத்தனை மணி நேரம் பார்க்கிறாள் என்ற கணக்கைவிட இது அவளைக் காக்கும். வீட்டில் சொல்ல இயலாதவள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். மனச்சோர்வுக்கென்றே நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். நம் பள்ளி அறிவிப்புப் பலகையில் இவ்விரு எண்களையும் எழுதி வைக்கலாமே என்று அருட்சகோதரியரை வேண்டுகிறோம்.

தடை செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உளர். 2019 ஏப்ரலில் நம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்குக்குத் தடை விதித்தது. அம்மாத இறுதிக்குள் தடை நீங்கியது. 2020 ஜூனில் நடுவண் அரசே அதை நாடெங்கும் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸை இந்தியாவில் கொண்டுவந்தது. ஆடியவர்கள் மேடை மாறி ஆடினார்கள். ஆஸ்திரேலிய நாட்டில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கலாகாது. நம் நாட்டிலும் அவ்வாறு வந்தால் எங்களுள் பாதிப்பேர் எதிர்ப்போம். பாதிப்பேர் உள்ளூர மகிழ்வோம். ஏனெனில் எல்லாருக்கும் ஒருசேர இல்லை என்றால் எவளும் எதையும் இழந்தவள் ஆகமாட்டாள். மிக்ஜாம் நாட்களில் கண்டது இதைத்தானே? ஆயினும் சட்டம் வரும்போது வரட்டும். அது வந்தாலும் மாலை ஐந்து மணிக்கு எங்கே போவது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

பெரியோரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறோம். மதிப்பெண் அட்டை கிடைத்த அரைமணியில் அது அம்மாவின் ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது; குறைந்த மதிப்பெண் என்றால் அம்மாவின் ஸ்டேட்டஸ் வெறுமையாக இருப்பதிலிருந்தே சித்தி அறிந்துகொள்கிறார். கடற்கரை இரயிலில் ஏறிப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து எழும்பூர்வரை தலை நிமிர்ந்திருப்பவர்கள் கடலைமிட்டாய் விற்பவர் ஒருவரே. எங்களிடம் வாங்கி வைக்கும் கருவிக்குப் பக்கத்திலேயே உங்களுடையதும் இரவு ஒன்பதரைக்கு உறங்கட்டும் என்கிறோம். அவசர அழைப்பு வந்தால் மணி கேட்கும்.

நம் பள்ளியைப் பொறுத்தவரை எங்கள் விண்ணப்பம் சிறியது. பள்ளி விட்டவுடன் மைதானத்தின் வாயிலை அடைத்துவிடுகிறார்கள். செவ்வாய், வியாழன் ஆகிய இரு நாட்களில் மட்டும் ஐந்தரை மணிவரை அதைத் திறந்து வைத்தால் போதும். சேலையூர் பக்கம் போகும் வேன் அன்று பிந்திப் புறப்பட ஓட்டுநர் அண்ணன் இசைந்திருக்கிறார். பயிற்சி வகுப்பு வேண்டாம், போட்டி வேண்டாம், விசில் வேண்டாம். சில நாள் ஆடுவோம். சில நாள் வேப்பமரத்தடியில் அமர்ந்து சும்மா பேசிக்கொண்டிருப்போம். காவலுக்கு ஒரு சிஸ்டர் ஜெபமாலையோடு அங்கே நடந்துகொண்டிருந்தால் எங்களுக்கும் இடைஞ்சல் இல்லை. த்ரோபால் வலை ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. அதைத் தையல் வகுப்பில் நாங்களே தைத்துக்கொள்கிறோம்.